"வீட்டுக்கே வந்து பேட்டரி மாற்றித் தருகிறோம்" என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள்: டர்பனில் என் 1450 ரேண்ட் போச்சு

வயிறு எரிந்துதான் எழுதுகிறேன். இப்போதுதான் வேறு கடையில் வேறு பேட்டரி போட்டுக்கொண்டு வீடு வந்தேன், இன்னும் உடைகூட மாற்றவில்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் பக்கம் இருக்கிற நம்மவர்கள் இதைப் படித்துவிட்டு, பழைய கார் வைத்திருக்கும் உங்கள் அம்மா, சித்தி, பெரியப்பா எல்லோருக்கும் சொல்லுங்கள். 1450 ரேண்ட் போய்விட்டது. என் பழைய பேட்டரியும் சேர்ந்து போய்விட்டது.

என் காருக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகிறது. அதிலிருந்த பேட்டரி நாலு வருடம் உழைத்தது. டர்பன் வெக்கைக்கு அதுவே பெரிது, குளிரைவிட வெயில்தான் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். கொஞ்ச நாளாகவே காலையில் சாவியைத் திருப்பினால் இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆனது. பெரிய கடை ஒன்றில் விலை கேட்டேன். பழைய பேட்டரியைக் கொடுத்தால் 1900 ரேண்ட், கொடுக்காவிட்டால் அதற்கு மேல் டெபாசிட் கட்ட வேண்டும் என்றார்கள். ஜனவரி மாதம் எல்லார் வீட்டிலும் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்குச் சீருடை, நோட்டு, ஷூ, பள்ளிக் கட்டணம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். தைப்பூசமும் நெருங்கிவிட்டது.

அப்போது கண்ணில் பட்டது அந்த விளம்பரம். யார் வேண்டுமானாலும் பழையது புதியது எதையும் விற்கலாம், வாங்கலாம் என்கிற ஆன்லைன் தளம், அதன் பெயரை இங்கே போடவில்லை. "புத்தம் புதிய பேட்டரி, வீட்டுக்கே வந்து பொருத்தித் தருவோம், 12 மாத உத்தரவாதம், பழையதைக் கொடுத்தால் 1450 ரேண்ட்." படத்தில் நீலத் தார்ப்பாயின் மேல் வரிசையாகப் பளபளவென்று பேட்டரிகள். விளம்பரம் போட்டவனிடம் வண்டியின் மாடலைச் சொன்னேன், சரியான பேட்டரி அளவு எண்ணை உடனே சொன்னான். தொழில் தெரிந்தவன் பேச்சு.

மறுநாள் வெள்ளை பிக்கப் வண்டியில் வந்தான். முப்பது வயதுகூட இருக்காது. "வணக்கம் ஆன்ட்டி" என்றான். இந்த ஊரில் அந்த வயதுப் பிள்ளைகள் வாயில் தமிழ் வருவதே அபூர்வம். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டான். காரின் டாஷ்போர்டில் இருக்கிற முருகனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "எங்கம்மாவும் வருஷா வருஷம் கிளேர்வுட் கோவில்ல பால்குடம் எடுப்பாங்க ஆன்ட்டி" என்றான். உள்ளே படுத்திருந்த அத்தை அந்தக் குரலைக் கேட்டுவிட்டுக் கைத்தடியோடு எழுந்து வந்து, "யார் வீட்டுப் பிள்ளைப்பா நீ?" என்று விசாரித்தார். தாத்தா டொங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர் என்றான். அத்தையின் அப்பாவும் கரும்புத் தோட்டத்தில் இருந்தவர்தான். அவ்வளவுதான், அத்தை கரைந்துவிட்டார். டீ போட்டுக் கொடுத்து, பூசத்துக்குச் செய்து வைத்திருந்த முறுக்கையும் தட்டில் வைத்தார். உட்கார்ந்து சாப்பிட்டான். 1450 ரேண்ட் போனதைவிட அந்த முறுக்குத் தட்டுதான் எனக்கு நெஞ்சில் நிற்கிறது. எண்பது வயதுப் பாட்டியின் கையால் வாங்கித் தின்றுகொண்டே அந்த வீட்டை ஏமாற்ற ஒருவனுக்கு எப்படி மனம் வரும்?

பேட்டரியை இறக்கி மல்டிமீட்டரை வைத்துக் காட்டினான். 12.8 வோல்ட். "பாருங்க ஆன்ட்டி, ஃபுல்லா இருக்கு." பொருத்தும்போது பாசிட்டிவ் பக்கத்து முனையைப் பிடிக்கிற கிளாம்ப் இறுகவில்லை. அவன் வண்டிக்குப் போய் ஏதோ எடுத்து வந்து செருகி முடுக்கினான், துணியால் துடைத்து பானெட்டை மூடினான். பணம் கொடுக்கும்போது, பேங்க் ஆப் வேலை செய்யவில்லை, செல் நம்பருக்கு அனுப்பிவிடுங்கள் என்றான். அனுப்பினேன். ரசீது வாட்ஸ்அப்பில் வந்தது. 12 மாத உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் இருந்தது. கடைப் பெயர் இல்லை, முகவரி இல்லை. என் பழைய பேட்டரியையும் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான்.

சில வாரத்திலேயே மறுபடி இழுக்க ஆரம்பித்தது. அப்புறம் ஒரு நாள் இரவு, ஷிப்ட் முடிந்து ஆஸ்பத்திரி கார் பார்க்கில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான். இரவு பதினொரு மணிக்கு அந்த இடத்தில் ஒரு பெண் தனியாக நிற்பது என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காவலாளி ஒருவர் எங்கிருந்தோ ஜம்பர் கேபிள் கொண்டு வந்து உயிர் கொடுத்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

காலையில் நேராகப் பேட்டரிக் கடைக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் லோட் டெஸ்ட் போட்டார். காசு வாங்கவில்லை. சார்ஜ் ஏற்றிய கையோடு அளந்தால் செத்த பேட்டரிகூட 12.8 காட்டுமாம். பளு கொடுத்து 15 நொடி பார்க்க வேண்டும், அப்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. என்னுடையது கண் முன்னாலேயே 7-க்கு வந்தது. அப்புறம் அவர் கிளாம்பைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு தகரத் துண்டு விழுந்தது. குளிர்பான டப்பாவைக் கத்தரித்த துண்டு, ஒரு பக்கம் சிவப்புப் பெயின்ட். பழைய பேட்டரியின் ஈய முனையை அரம் போட்டுத் தேய்த்துப் புதிது மாதிரி ஆக்கியிருக்கிறான். தேய்த்ததில் முனை மெலிந்துவிட்டது, அதனால்தான் கிளாம்ப் இறுகவில்லை, அதற்குத்தான் அந்தத் தகரம். மேலே இருந்த ஸ்டிக்கரைப் பெரியவர் நகத்தால் நெம்பினார். அடியில் வேறு கம்பெனி ஸ்டிக்கர், பாதி கிழிந்து, பசை காய்ந்து பழுப்பாக. யாரோ தூக்கி எறிந்த பேட்டரியை 1450 ரேண்டுக்கு என் தலையில் கட்டியிருக்கிறான்.

அவனுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன், நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. சாயங்காலம் ஒரு வாய்ஸ் நோட்: "உங்க ஆல்டர்னேட்டர்தான் ப்ராப்ளம் ஆன்ட்டி." வண்டி ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவதுதான் ஆல்டர்னேட்டர். அது சரியாக 14.2 வோல்ட் கொடுக்கிறது என்று கடையில் எடுத்த படத்தை அனுப்பினேன். "பாஸ் ஜோபர்க் போயிருக்கார், திங்கள்கிழமை வருவார்." திங்கள் போய்ச் செவ்வாயும் போனது. ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு வாருங்கள் என்று ஒரு முகவரி கொடுத்தான். போய்ப் பார்த்தால் அங்கே முடிவெட்டும் கடை. திரும்பக் கேட்டதற்கு, "1450 ரேண்டுக்கு இவ்வளவு சத்தமா?" என்றான். அதோடு என்னை பிளாக் செய்துவிட்டான். வணக்கம் சொன்ன அதே வாய்.

அந்தத் தளத்துக்கு எழுதினேன். நாங்கள் விளம்பரம் போட இடம் மட்டுமே தருகிறோம், வாங்குவதும் விற்பதும் உங்களுக்குள் என்று தானாக வரும் ஒரு பதில். போலீஸ் நிலையத்தில், இது சிவில் விவகாரம் அம்மா என்று அனுப்பிவிட்டார்கள்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி, வியாபாரி விற்ற பொருள் குறையுள்ளது என்றால் 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுதுபார்த்துத் தருவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று முடிவு செய்வது நாம்தான், அவன் இல்லை. சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ரேண்ட் வரை வக்கீல் இல்லாமலே கேட்கலாம். ஆனால் முதலில் 14 நாள் அவகாசம் கொடுத்து அவனுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். எந்தப் பெயருக்கு அனுப்புவது, எந்த முகவரிக்கு? என்னிடம் இருப்பது ஒரு செல் நம்பர், அதுவும் இப்போது அணைந்து கிடக்கிறது. பணத்தை செல் நம்பருக்கு அனுப்பச் சொன்னதன் காரணம் இப்போது தெரிகிறது, அவன் பெயர் எனக்குத் தெரியக்கூடாது என்றுதான்.

குறைந்த செலவில் நல்ல பேட்டரி வாங்குவது எப்படி என்று விவரமாக எழுத நினைத்தேன். ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டும், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முதலில் டெர்மினலில், அதாவது பேட்டரியின் ஈய முனையில், வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா பாருங்கள். வெந்நீரில் சோடா உப்பு கரைத்துத் துடைத்தாலே சில வண்டிகள் சரியாகிவிடும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் லோட் டெஸ்ட் செய்து காட்டச் சொல்லுங்கள், வோல்ட் எண்ணை மட்டும் காட்டினால் நம்பாதீர்கள். ஈய முனையில் அரம் போட்ட கீறல் இருக்கிறதா பாருங்கள். ஸ்டிக்கரின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். பழைய பேட்டரிக்கு ஈய விலை உண்டு, சும்மா கொடுக்காதீர்கள். கடைப் பெயரும் முகவரியும் உள்ள ரசீது கைக்கு வருகிற வரைக்கும் ஒரு ரேண்ட்கூட அனுப்பாதீர்கள்.

இன்று காலை பார்த்தேன், அதே விளம்பரம் வேறு பெயரில், வேறு நம்பரோடு மறுபடி ஏறியிருக்கிறது. அதே நீலத் தார்ப்பாய்ப் படம், விலை மட்டும் 1400 ஆகியிருக்கிறது. கண்ணில் பட்டால் உடனே புகார் பொத்தானை அழுத்துங்கள். உங்களில் யாராவது ஏற்கெனவே இவனிடம் பணம் கொடுத்திருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், எல்லோரும் சேர்ந்து போலீஸுக்குப் போவோம்.