சட்டைக்குள் கவசமா, ஜாக்கெட்டே கவசமா?

கோவையிலிருந்து வாளையார் வழியாகத் திருச்சூருக்கு நகை கொண்டுசெல்பவர்கள் துப்பாக்கிக் குண்டைத் தடுக்கச் சட்டைக்குள் அணியும் உள்கவசம், மேலே அணியும் கவச ஜாக்கெட் ஆகிய இவ்விரண்டில் எதை வாங்குவது என்று தடுமாறுகிறார்கள்.

தடுக்கும் திறன்: இரண்டிலும் பெரும்பாலும் இருப்பது 1965-இல் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டெபனி குவோலெக் கண்டறிந்த கெவ்லர் போன்ற இழைதான்; அது கைத்துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும், ரைஃபிள் குண்டைத் தடுக்காது, கத்திக்குத்துக்கோ அதற்கென்றே செய்த தனி அடுக்கு வேண்டும்.

வெக்கை: உள்கவசம் பாலக்காட்டு மார்ச் வெயிலில் பனியனைப் பிழிய வைத்துவிடும். ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைக்கலாம் (அப்போது அது கவசமல்ல, சுமை).

மறைவு: வேட்டி சட்டைக்காரர்கள் நடுவே ஜாக்கெட் அணிந்தவரை வாளையார் டீக்கடையே திரும்பிப் பார்க்கும். உள்கவசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பழகிய வியாபாரி தோளில் தட்டும்போது அந்த விறைப்பை உணர்ந்தால், தன்னையே சந்தேகிப்பதாக எண்ணி மனம் நோவார்.

பேருந்தில் செல்லும் ஊழியருக்கு உள்கவசமும், குளிரூட்டிய காரில் செல்லும் முதலாளிக்கு ஜாக்கெட்டும் பொருந்தும்.