தண்டுவடத்துக்கு மருந்து பம்பா, மின்தூண்டியா?

மாத்திரை, ஊசி, பிசியோதெரபி எல்லாம் பார்த்தும் வலி விடவில்லை என்றால், உடலுக்குள் பொருத்தும் கருவிகளில் இரண்டைப் பற்றி டாக்டர் பேசுவார். ஒன்று மருந்து பம்ப், மற்றது மின்தூண்டி. இரண்டுமே தண்டுவடத்தை நாடிப் போகின்றன, தோலுக்கடியில் உட்காருகின்றன. ஒற்றுமை அத்தோடு சரி.

மின்தூண்டியில் மருந்தே கிடையாது. தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய கம்பிகளை வைத்து, இடுப்புப் பக்கம் இருக்கும் பேட்டரியிலிருந்து சிறு மின்துடிப்புகளை அனுப்புகிறார்கள். 1967-லேயே மனிதருக்குப் பொருத்திப் பார்த்துவிட்டார்கள். நரம்பு கெட்டுப்போய் கை, கால் எரிந்து சுண்டி இழுக்கும் வலிக்கு நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான். காரணம், இதற்கு நல்ல வெள்ளோட்டம் உண்டு. கம்பியை மட்டும் உள்ளே விட்டு, பேட்டரியை வெளியே கட்டிக்கொண்டு, ஏறக்குறைய ஒரு வாரம் வீட்டிலேயே நடந்து, தூங்கிப் பார்க்கலாம். வலி பாதியாவது குறைந்தால்தான் அடுத்த அறுவை. கம்பி இடம் நகர்ந்துவிடுவது இதில் அடிக்கடி வரும் தொல்லை. கீழ் முதுகுவலிக்கு மட்டும் என்றால் யோசியுங்கள்: மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வுத் தொகுப்பு இதன் பலனை ஏற்கவில்லை.

பம்ப் வேறு மாதிரி. வயிற்றுத் தோலுக்கடியில் வட்டமான ஒரு பெட்டி, அதில் 20 அல்லது 40 மில்லி மருந்து. அங்கிருந்து மெல்லிய குழாய் இடுப்பைச் சுற்றிப் போய்த் தண்டுவட நீருக்குள் சொட்டுகிறது. கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மருந்தை வாய்வழி 300 மில்லிகிராம் எடுத்தால் செய்வதை இங்கே சுமார் 1 மில்லிகிராமே செய்யும் என்று டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதனால் மயக்கமும் மலச்சிக்கலும் குறைய வழி இருக்கிறது. மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போய், வீட்டாரோடு நாலு வார்த்தை பேச முடியாமல் அரைமயக்கத்தில் கிடக்கும் புற்றுநோயாளிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! அவர்களிடம் பம்ப் பற்றிக் கடைசி வாரங்களில்தான் பேசுகிறார்கள் என்றால், அது மிகவும் தாமதம்.

மார்ஃபின் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஸிக்கோனோடைடு உண்டு. கடல் நத்தையின் விஷத்தைப் பார்த்து உருவாக்கிய மருந்து. அமெரிக்காவில் 2004-ல் அனுமதி கிடைத்தது. மார்ஃபின் போல மூச்சை அடக்காது. ஆனால் குழப்பம், இல்லாதது தெரிவது போன்ற பக்கவிளைவுகள் வரலாம். முன்பு மனச்சிதைவு இருந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை.

பம்ப் வைத்தவருக்கு வாழ்க்கையே ரீஃபில், அதாவது மருந்தை மறுபடி நிரப்பும் தேதிகளைச் சுற்றித்தான். சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ ஒருமுறை நர்ஸ் தோலைத் தடவிப் பெட்டியின் நடுவைக் கண்டுபிடித்து, ஊசியை ரப்பர் மூடி வழியே இறக்குவார். முதலில் மிச்ச மருந்தை உறிஞ்சி எடுத்து அளப்பார். கருவி காட்டும் கணக்கோடு அது ஒத்துப்போக வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் எங்கோ கோளாறு. புது மருந்து பெட்டிக்குள் போகாமல் தோலுக்கடியில் இறங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் ரீஃபில் முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள், சற்று நேரம் அங்கேயே இருங்கள். மார்ஃபின் அளவு கூடக்கூட, குழாய் நுனியில் கட்டி வளர்ந்து தண்டுவடத்தை அழுத்தவும் வாய்ப்பு உண்டு. காலில் புதிதாகப் பலவீனமோ மரத்துப்போவதோ தெரிந்தால் உடனே சொல்லுங்கள்.

வலிக்கு அல்லாமல், தசை இறுக்கத்துக்காகப் பம்பில் பேக்லோஃபென் என்ற மருந்தை நிரப்பியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது திடீரென்று நின்றால் அரிப்பு, கடும் காய்ச்சல், உடல் விறைப்பு என்று போய் உயிரையே வாங்கிவிடும். பம்ப் பீப் அடித்தால், நடுராத்திரியானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.