இனோவேயா, தகஹாஷியா: பொருளாதார மந்தத்தில் ஜப்பான் பார்த்த இரண்டு வழிகள்

1930 ஜனவரியில் நிதியமைச்சர் இனோவே ஜுன்னோசுகே, யென்னைப் பழைய மதிப்பிலேயே தங்கத்தோடு மறுபடி கட்டினார்; அதாவது ஒரு யென்னுக்கு இவ்வளவு தங்கம் என்று நிலையாக வைத்தார். செலவும் விலையும் குறைந்தால் ஏற்றுமதி தானாக ஏறும் என்பது அவர் கணக்கு. நேரம்தான் சரியில்லை. அமெரிக்கப் பொருளாதாரம் படுத்துவிட்டது, ஜப்பானின் பட்டுநூலை வாங்க ஆளில்லை. கடன் தாங்காமல் பெற்ற மகளையே விற்ற விவசாயக் குடும்பங்கள் உண்டு.

1931 டிசம்பரில் நிதியமைச்சராக வந்த தகஹாஷி கொரேகியோ எல்லாவற்றையும் திருப்பிப் போட்டார். தங்கத் தொடர்பை அறுத்தார். சுமார் 50 டாலராக இருந்த 100 யென், ஓராண்டில் 20 டாலர் அளவுக்கு இறங்கியது. யென் மலிந்ததால் துணி ஏற்றுமதி சூடுபிடித்தது. அப்புறம், அரசுக் கடன்பத்திரங்களை நாட்டின் மத்திய வங்கியான ஜப்பான் வங்கியே நேரடியாக வாங்கியது. அந்தப் பணம் கிராமத்து வேலைகளுக்கும் போனது, சீனாவின் வடகிழக்கே மஞ்சூரியாவில் நின்ற ராணுவத்துக்கும் போனது.

மந்தத்துக்கு மருந்து தகஹாஷி வழிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நாடு மீண்டதும் ராணுவச் செலவுக்குக் கடிவாளம் போடப் பார்த்தார். 1936 பிப்ரவரி 26 அதிகாலை, கலகக்கார இளம் அதிகாரிகள் வீடு புகுந்து, படுக்கையறையிலேயே அவரைக் கொன்றார்கள். இனோவேயும் 1932இல் சுட்டுக் கொல்லப்பட்டவர்தான். தகஹாஷிக்குப் பின் ராணுவம் கேட்டதை மறுக்கப் பெரும்பாலும் யாரும் துணியவில்லை. 1937 ஜூலையில் சீனாவோடு முழுப்போர் தொடங்கியது.