உப்புக் காற்றில் ஒரு தரைத்தள வீடு: சக்கர நாற்காலியிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர் ஒன்றில், அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தள வீட்டில் அம்மாவுடன் சில ஆண்டுகளாக வசிக்கிறேன். நான் சக்கர நாற்காலியில் நடமாடுபவள். மாற்றுத்திறனாளி என்ற முறையில்தான் இந்த வீடு எனக்குக் கிடைத்தது. இத்தகைய வீட்டுக்கு விண்ணப்பிக்க இருப்பவர்கள், சாவி வாங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 37ஆவது பிரிவில், அரசின் வீட்டுவசதித் திட்டங்களில் 5 சதவீதத்தை 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உடையவர்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. அவர்களிலும் பெண்களுக்கு முன்னுரிமை உண்டு. நகர்ப்புறங்களுக்கான பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் வழிகாட்டுதல்கள், எங்களைப் போன்றோர் உள்ள குடும்பங்களுக்குத் தரைத்தளத்தையோ கீழ்த்தளங்களையோ முன்னுரிமையாகத் தரச் சொல்கின்றன. இந்த இரண்டும் என் வாழ்க்கையை மாற்றின என்பதை நன்றியோடு சொல்கிறேன். யாரும் தூக்கிவிடக் காத்திராமல் நானே வாசலுக்கு வருவது எனக்குப் பெரிய விஷயம்.

ஆனால் அந்த வாசலில்தான் முதல் சிக்கலும் இருக்கிறது. புயலும் மழைவெள்ளமும் வரும் கடலோரம் என்பதால் வீட்டின் தளத்தைத் தரையிலிருந்து ஏறத்தாழ 45 செ.மீ. உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், அது சரியான முடிவு. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற விதிப்படி அந்த உயரத்துக்குச் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். கட்டப்பட்டதோ அதில் பாதி அளவுதான். இறங்கும்போது நாற்காலி பிடியை மீறி ஓடுகிறது. ஏறும்போது அம்மா பின்னாலிருந்து தள்ள வேண்டியிருக்கிறது, அவருக்கும் வயதாகிவிட்டது. சாய்தளம் முடியும் இடத்திலிருந்து தெருவரை வெறும் மணல். அதில் முன்சக்கரங்கள் புதைந்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் சாய்தளத்தின் மேலேயே மணல் படிந்துவிடுவதால், அதைக் கூட்டித் தள்ளுவது அன்றாட வேலையாகிறது. தெருவரை பேவர் பிளாக் கல் பதித்துக் கொடுத்தாலே பாதித் துன்பம் தீரும்.

கழிவறைக் கதவு உள்பக்கம் திறக்கிறது. நாற்காலி உள்ளே போனால் கதவைச் சாத்த முடியாது என்பதால் நாங்கள் அதைக் கழற்றிவிட்டுத் திரை போட்டிருக்கிறோம். 90 செ.மீ. அகலத்தில் வெளிப்பக்கம் திறக்கும் கதவு ஒன்று என் மானத்தைக் காக்கும். அதைக் கட்டும்போதே வைத்திருந்தால் கூடுதல் செலவு மிகக் குறைவாக இருந்திருக்கும்.

கடலோரத்துக்கே உரிய மற்றொரு கேடு துரு. கழிவறையில் வைத்திருந்த இரும்புக் கைப்பிடிகள் உப்புக் காற்றில் அரித்து, சுவரோடு சேரும் இடத்தில் ஆட ஆரம்பித்தன. உடல் எடை முழுவதையும் தாங்க வேண்டிய கம்பி ஆடினால் ஆபத்து. அவற்றை மாற்றித் தரக் கேட்டு, வீடு ஒதுக்கிய அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தேன், வீட்டை ஒதுக்கியதோடு தங்கள் பொறுப்பு முடிந்தது என்று பதில் வந்தது. முடிவில் எங்கள் செலவில் எஸ்எஸ் எனப்படும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி மாற்றினோம். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 304 ரகமும் கடற்கரையில் கறைபடும் என்பதால், விலை கூடுதலானாலும் 316 ரகத்தையே கேட்டு வாங்குங்கள்.

சிங்கப்பூரில் 2012 முதல் நடைபெறும் ஒரு திட்டத்தில், அரசு அடுக்குமாடிகளில் வாழும் முதியோரின் வீட்டுக்கே வந்து கைப்பிடி பொருத்துகிறார்கள், குளியலறைத் தரையை வழுக்காததாக்குகிறார்கள், சாய்தளமும் அமைக்கிறார்கள். சிறிய வீடுகளில் இருக்கும் குடிமக்கள் செலவில் 5 சதவீதம் மட்டும் கொடுத்தால் போதும். ஜப்பானிலோ நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டின் கீழ் வீட்டைத் திருத்துவதற்கு 2 லட்சம் யென் வரையிலான செலவுக்கு உதவி உண்டு. உடலின் தேவை காலப்போக்கில் மாறும், ஆகவே வீடும் மாற வேண்டும் என்பதை அந்த அரசுகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. நம் ஊரிலும் ஒதுக்கீட்டோடு சேர்த்துப் பராமரிப்புக்கும் மாற்றியமைப்புக்கும் தனி நிதி வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

விண்ணப்பிப்பவர்கள் சாவி வாங்கும் முன்பே உங்கள் நாற்காலியோடு போய் அந்த வீட்டில் ஏறி இறங்கிப் பாருங்கள். கழிவறைக் கதவின் அகலத்தை அளந்து, தேவையான மாற்றங்களை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலையாட்கள் அங்கே இருக்கும் போதே கேட்பதுதான் எளிது.