வெர்னா டர்போ, விர்ட்டஸ் ஜிடி, சிட்டி: மூன்றையும் ஏற்காடு ஏற்றிப் பார்த்தோம்

எங்கள் குடும்பத்தில் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் கார் பக்கம் திரும்பிவிடும், அதுவும் செடான் பற்றி என்றால் சாப்பாடு ஆறிப்போகும் வரை நடக்கும். மச்சினன் 2023 மார்ச்சில் வந்த புது ஹூண்டாய் வெர்னாவில் டர்போ ஆட்டோமேட்டிக் எடுத்திருக்கிறான். இந்த விலையில் இதைவிட அழகான வண்டி ரோட்டில் இல்லை என்பது அவன் கட்சி. என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த நண்பன் ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி வைத்திருக்கிறான், 1.5 லிட்டர், டிஎஸ்ஜி என்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அவனுக்கு வெர்னாவின் முகத்தைக் கண்டாலே ஆகாது. மூன்றாவது ஆள் எங்கள் பெரியப்பா. பழைய ஹோண்டா சிட்டி விடெக்கைப் பதினைந்து வருஷம் ஓட்டிய கை அது, இப்போது வைத்திருப்பதும் ஐந்தாம் தலைமுறை சிட்டி மேனுவல்தான்.

நான் அடுத்த வண்டி வாங்க வேண்டிய கட்டத்தில் இருக்கிறேன். ஊரில் ஒரு ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் கேட்டேன், பக்கத்து சிக்னல் வரை போய்த் திரும்பினால் முடிந்தது என்றார்கள். இரண்டாவது கியரைத் தாண்டவே விடவில்லை. இருபது லட்சத்தை ஒட்டிப் பணம் கட்டப் போகிற ஆளுக்கு இருபது நிமிஷம்கூட வண்டியைத் தர மாட்டேன் என்றால் என்ன வியாபாரம் அது? எனக்கு வந்த கோபத்தைப் பார்த்துவிட்டு பெரியப்பாதான் சொன்னார், "விடுப்பா, நம்மகிட்டயே மூணு வண்டி நிக்குது. ஒரு நாள் காலையில ஏற்காடு ஏத்திப் பாத்துருவோம்." அப்படித்தான் ஒரு புதன்கிழமை விடியலில் சேலம் கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் மூன்று வண்டியையும் வரிசையாக நிறுத்தினோம்.

முதலில் அழகு. வெயில் ஏறாத நேரத்தில் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோதுதான் ஒன்று கவனித்தேன். வெர்னாதான் நீளத்தில் குறைச்சல், 4535 மில்லிமீட்டர். விர்ட்டஸ் 4561, சிட்டி 4583. ஆனால் அகலத்தில் வெர்னா 1765, மற்ற இரண்டையும்விடக் கூடுதல். வீல்பேஸும், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் உள்ள தூரமும், அதற்குத்தான் அதிகம், 2670. முந்தைய வெர்னாவைவிட 70 மில்லிமீட்டர் கூட்டியிருக்கிறார்கள். சக்கரங்கள் ஓரங்களுக்குத் தள்ளிப்போய், வண்டி தரையோடு பரவி உட்கார்ந்த மாதிரி தெரிவதற்கு இதுதான் காரணம். படத்தில் இது தெரியாது, நேரில்தான் தெரியும்.

வெர்னாவின் முகம்தான் எல்லாச் சண்டைக்கும் மூலம். பானெட்டின் முன் விளிம்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே வெளிச்சக் கோடு. ஹெட்லைட் கீழே பம்பருக்குள் இறங்கிவிட்டது. நண்பன் சொல்வது என்னவென்றால், முகத்தில் கண் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, மூக்கு முன்னால் சரிந்து கிடக்கிறது. பகலில் பார்த்தால் அவன் சொல்வதில் பாதி நியாயம் உண்டு, அதுவும் வெள்ளை நிறத்தில் அந்தக் கிரில்லின் வேலைப்பாடு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆனால் நான் ஒரு ராத்திரி தருமபுரியிலிருந்து வரும்போது தொப்பூர் கணவாயில் மச்சினன் பின்னால் வந்தான். கண்ணாடியில் அத்தனை லாரி விளக்குகளுக்கு நடுவில் அந்த ஒற்றைக் கோடு மட்டும் வளைவுக்கு வளைவு சாய்ந்து சாய்ந்து வந்தது. அந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதை வரைந்தவர்கள் ராத்திரியை மனதில் வைத்துத்தான் வரைந்திருக்க வேண்டும்.

பக்கவாட்டில் கதவுகளின் மேல் இரண்டு மடிப்புகள் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. காலை வெயில் சாய்வாக விழுந்தபோது கதவில் ஒரு முக்கோண நிழல் விழுந்தது, மச்சினன் அதைக் காட்டியே தீர்ப்பு வாங்கப் பார்த்தான். கூரை பின்னால் சரிந்து டிக்கியோடு கலக்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதற்கான விலையைப் பின்சீட்டில் கொடுக்கிறோம். கால் நீட்ட இடம் தாராளம், ஆனால் உயரமான பெரியப்பாவுக்குத் தலைமுடி கூரையில் உரசியது. 528 லிட்டர் டிக்கி, பொங்கலுக்கு ஊருக்குப் போகிற மொத்தச் சாமானும் போகும்.

விர்ட்டஸில் இப்படிக் கைகாட்டிச் சொல்ல எதுவுமே இல்லை. ஹெட்லைட்டில் ஆரம்பித்து டெயில் லைட் வரைக்கும் ஒரே நேர்கோடு, தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்ட சட்டை மாதிரி. கிரில் மெலிசு. ஜிடியில் சின்னச் சின்னச் சிவப்பு பேட்ஜ்கள், கறுப்புக் கூரை, அவ்வளவுதான். "ஆபீஸ் வண்டி மாதிரி இருக்கு" என்பது மச்சினன் வாதம். முதல் நாள் பார்க்கிறவனுக்கு அப்படித்தான் படும். நான் அந்த வண்டியை நண்பன் வீட்டு வாசலில் ஒன்றரை வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் பழசாகத் தெரியவில்லை. வெர்னாவின் முன்புறம் ஐந்து வருஷம் கழித்து எப்படித் தெரியும் என்று கேட்டால் மச்சினனிடம் பதில் இல்லை. அழகு பற்றிய என் கருத்து இங்கேதான் திரும்பியது. வண்டியை எட்டு, பத்து வருஷம் வைத்துக்கொள்கிற வீட்டுக்கு, முதல் பார்வையைவிட ஆயிரமாவது பார்வை முக்கியம்.

சிட்டி இரண்டுக்கும் நடுவில். நீளமான பானெட், தாழ்ந்த கூரை, பழைய செடான் லட்சணம் அப்படியே இருக்கிறது. விர்ட்டஸின் அண்ணன் தம்பியான ஸ்கோடா ஸ்லாவியாவையும் சேர்த்துப் பேச வேண்டும் என்றால், எஞ்சின் கியர்பாக்ஸ் எல்லாம் அதே, முகம் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. எனக்கு விர்ட்டஸ்தான் பிடித்திருக்கிறது, அதற்கு மேல் காரணம் சொல்லத் தெரியவில்லை.

சரி, மலை. ஏற்காட்டுக்கு சேலம் பக்கமிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். முதலில் சிட்டியில் ஏறினேன், பக்கத்தில் பெரியப்பா, பின்னால் இரண்டு பேர், ஏசி ஓடுகிறது. 1.5 லிட்டர், 121 பிஎஸ் குதிரைத்திறன், காகிதத்தில் நல்ல எண்தான். ஆனால் அதன் டார்க், அதாவது இழுவிசை, 145 என்எம், அதுவும் முழுசாகக் கிடைப்பது 4300 ஆர்பிஎம்மில். கொண்டை ஊசியில் வேகம் இருபதுக்கு வந்துவிடும், இரண்டாவது கியரில் எஞ்சின் இரண்டாயிரத்துக்குக் கீழே கிடக்கும். அந்த இடத்தில் மிதித்தால் சத்தம் வருகிறது, இழுவை வரவில்லை. மூன்று வளைவுகளில் முதல் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. பெரியப்பா சிரித்துக்கொண்டே, "அத அப்படி ஓட்டக் கூடாதுப்பா, தள்ளு" என்று ஸ்டீயரிங்கை வாங்கினார். அவர் வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்து, எஞ்சினை நாலாயிரத்துக்கு மேலேயே வைத்துக்கொண்டு ஏறினார். அப்போதுதான் அந்த வண்டி உயிர் பெற்றது. ஐந்தாயிரத்துக்கு மேல் அந்த எஞ்சின் பாடுகிற பாட்டு மற்ற இரண்டிலும் கிடையாது. கியர் விழுகிற சுகமும் அப்படியே, வெண்ணெயில் கத்தி. அவருடைய கை எனக்கு இல்லை என்பதுதான் பிரச்சினை.

அடுத்தது வெர்னா. 160 பிஎஸ், 253 என்எம், டார்க் 1500 ஆர்பிஎம்மிலேயே முழுசாக வந்துவிடுகிறது. அதே கொண்டை ஊசி, அதே இருபது கிலோமீட்டர் வேகம், மிதித்தால் வண்டி பாய்ந்தது. முதல் வளைவில் நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே பாய்ந்தது. மேட்டில் லாரியை முந்த இடம் கிடைத்த நான்கு விநாடியில் முந்திவிட்டு மறுபடி வரிசைக்கு வந்துவிடலாம். இந்த எஞ்சினுக்கு இந்த விலையில் போட்டி இல்லை, இதை மனசாரச் சொல்கிறேன். ஆனால் ஸ்டீயரிங் லேசு. ஊருக்குள் அது வரம், சேலம் ஐந்து ரோட்டு நெரிசலில் ஒரு விரலால் திருப்பலாம். மலையில், முன்சக்கரம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கைக்குச் சேதி வர வேண்டும், அது குறைவாகத்தான் வருகிறது. வளைவின் பாதியில் மேடு பள்ளம் வந்தால் உடம்பு ஒரு தடவை கூடுதலாக ஆடி அடங்குகிறது. எஞ்சின் முன்னால் ஓடுகிறது, சஸ்பென்ஷன் பின்னால் வருகிறது என்று எனக்குத் தோன்றியது.

உள்ளே இன்னொரு விஷயம். ஏசிக்கும் பாட்டுக்கும் ஒரே பட்டன் வரிசை, ஒரு தொடு பட்டனை அழுத்தினால் அது இதுவாக மாறும். இரண்டு வட்டத் திருகுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் குளிர் ஏறிவிட்டதென்று திருகினால் பாட்டுச் சத்தம் கூடுகிறது. பழகிவிடும் என்கிறான் மச்சினன். வளைவில் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்க வைக்கிற எந்தப் பட்டனோடும் எனக்குப் பழக விருப்பமில்லை.

விர்ட்டஸ் ஜிடி 150 பிஎஸ், 250 என்எம். எண்ணில் வெர்னாவைவிடப் பத்து குதிரை குறைச்சல். நேர் ரோட்டில் வெர்னா முன்னால் போய்விடும், நண்பனும் அதை ஒப்புக்கொள்கிறான். ஆனால் எட்டாவது வளைவைத் தாண்டும்போதே எனக்குத் தோள் இறுக்கம் போயிருந்தது. ஸ்டீயரிங்கில் கொஞ்சம் கனம் இருக்கிறது, திருப்பினால் அந்த அளவுக்கு மட்டும் திரும்புகிறது. மிதித்தால் அந்தப் பாய்ச்சல் இல்லை, ஒரே சீராக இழுக்கிறது. டிஎஸ்ஜி கியரைக் குறைக்கிற வேகத்தை வார்த்தையில் சொல்வது கஷ்டம், பெடலைத் தட்டிய சத்தம் அடங்குவதற்குள் எஞ்சின் சத்தம் மாறிவிடுகிறது. அதே மேடு பள்ளத்தில் இந்த வண்டி ஒரு தட்டு வாங்கியது, உடனே நின்றுவிட்டது, இரண்டாவது ஆட்டம் இல்லை. மலை ஏறினாலே தலை சுற்றுகிற என் மனைவி ஏறும்போது வெர்னாவிலும் இறங்கும்போது விர்ட்டஸிலும் பின்சீட்டில் இருந்தாள். அடிவாரம் வந்ததும் அவள் சொன்னது: "அதுல சீட்டு மெத்துனு இருந்துச்சு. இதுல வண்டி ஆடல." எனக்கு அது போதுமான விமர்சனம்.

குறையும் இருக்கிறது. இவ்வளவு வேகம் போகிற வண்டிக்குப் பின்சக்கரத்தில் டிரம் பிரேக்தான், வெர்னா டர்போவின் உயர் வகையில் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க். இறங்கும்போது பிரேக்கையே நம்பாமல் இரண்டாவது கியரில் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் கவலையில்லை, ஆனால் அந்த விலைக்குக் கேட்க வேண்டிய கேள்வி அது. வெர்னாவிலும் விர்ட்டஸிலும் ஏழு கியர் ஆட்டோமேட்டிக், இரட்டைக் கிளட்ச், உலர் வகை, ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடேறும். தினமும் சென்னை நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்கிறவர்கள் மேனுவல் பாருங்கள், இரண்டு டர்போவிலும் ஆறு கியர் மேனுவல் உண்டு. அல்லது விர்ட்டஸின் 1.0 லிட்டரில் வருகிற ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டரைப் பாருங்கள், அது பொறுமையான கியர்பாக்ஸ்.

திரும்பி வந்து ஹைவேயில் எண்பதில் போகும்போது விர்ட்டஸின் மீட்டரில் இரண்டு சிலிண்டர் என்று எழுத்து வந்தது. சுமை இல்லாதபோது நாலில் இரண்டை அதுவே நிறுத்திக்கொள்கிறது. கண்ணால் பார்க்காவிட்டால் தெரிந்திருக்காது. மைலேஜே பெரிசு என்பவர்களுக்கு சிட்டி ஹைபிரிட் இருக்கிறது, கம்பெனி சொல்கிற எண் லிட்டருக்கு 27 கிலோமீட்டருக்கு மேல். பாட்டரி பின்னால் உட்காருவதால் டிக்கி 306 லிட்டராகச் சுருங்கிவிட்டது, எங்கள் வீட்டுக்கு அது ஆகாது.

பாதுகாப்பு பற்றி அழகுச் சண்டையில் யாரும் பேசவில்லை, நான்தான் இழுத்தேன். வண்டியை மோதவிட்டுப் பார்க்கிற குளோபல் என்கேப் சோதனையில் விர்ட்டஸ், வெர்னா இரண்டுமே ஐந்து நட்சத்திரம். 2023 ஏப்ரலில் விர்ட்டஸ், பெரியவர்களுக்கான மதிப்பெண் 34-க்கு 29.71. அதே வருஷம் அக்டோபரில் வெர்னா, 28.18. மதிப்பெண் கிட்டத்தட்டத்தான். ஆனால் வெர்னாவின் பாடிஷெல்லை, அதாவது உடல்கூட்டை, நிலையானது அல்ல என்று அந்த அறிக்கை சொல்கிறது, விர்ட்டஸின் கூடு நிலையானது என்கிறது. தொப்பூர் வழியாக அடிக்கடி போய்வருகிற எனக்கு அந்த ஒரு வரி பெரிசு.

மச்சினனுக்கு இதில் வருத்தம். "நம்ம ஊர் வண்டிய விட்டுட்டு" என்று ஆரம்பித்தான். அவன் சொல்வதிலும் ஒரு உணர்வு இருக்கிறது, அதை நான் தள்ளவில்லை. வெர்னா இருங்காட்டுக்கோட்டையில் செய்கிற வண்டி, மெட்ராஸ் ரேஸ் டிராக்கும் அதே ஊரில்தான். தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் வாய் பிளந்து பார்த்த செடான்களை நினைத்தால், ஆக்சென்ட் அதே தொழிற்சாலை, ஃபோர்டு ஐகான் மறைமலை நகர், லான்சர் திருவள்ளூர். அந்த வண்டிகளைப் பார்த்துத்தான் எங்களுக்கு இந்தப் பைத்தியமே பிடித்தது. இன்று எங்கே பார்த்தாலும் எஸ்யூவி, மாருதி சியாஸும் 2025-இல் போய்விட்டது. மிச்சமிருக்கிற நாலைந்து செடான்களில் ஒன்று இப்படி 160 குதிரையோடு நம் ஊரிலிருந்து போகிறது என்பதில் எனக்கும் பெருமைதான். நேர் ரோட்டில் அதிகம் ஓட்டுகிறவர்கள், பின்சீட்டில் அப்பா அம்மா கால் நீட்டி வர வேண்டும் என்கிறவர்கள், தயங்காமல் வெர்னா டர்போ எடுங்கள்.

நான் விர்ட்டஸ் 1.5 மேனுவலுக்கு முன்பணம் கட்டிவிட்டேன், மலை ரோட்டில் முழு நாள் ஓட்டக் கொடுத்த வேறொரு ஷோரூமில். இப்போது நிறச் சண்டை ஓடுகிறது. எனக்கு அந்தச் செர்ரிச் சிவப்பு. என் மனைவிக்கு குர்குமா என்று பெயர் வைத்திருக்கிற மஞ்சள், அது மஞ்சள் கிழங்கின் தாவரப் பெயர் என்று தெரிந்ததிலிருந்து, ஈரோட்டுக்காரி வேறு, விட மாட்டேன் என்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.