வித்ததோட சரி, சர்வீஸ்னு ஒண்ணு கிடையவே கிடையாது

ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ், வாரண்டி இன்னும் இருக்கு. ஃப்ரீசர்ல ஐஸ் நல்லா கட்டுது, கீழ வச்ச பால் மட்டும் திரிஞ்சு போகுது. கடைக்கு போன் பண்ணா கம்பெனில பேசுங்கன்றாங்க, கம்பெனில கேட்டா கடையில சொல்லுங்கன்றாங்க, இப்படியே அலைக்கழிச்சு கடைசியா வந்த டெக்னீஷியன் ஒரு பேனலைக் கூட கழட்டிப் பாக்காம கூலிங் கேஸ் போயிடுச்சுன்னு கேஸ் அடிச்சு காசு வாங்கிட்டு போயிட்டார். சீல் பண்ண லைன்ல சுத்துற கேஸ் லீக் இல்லாம எப்படிங்க குறையும், லீக் இருந்தா அதை அடைக்காம அடிச்சு என்ன பிரயோஜனம்? ஆஃப் பண்ணி வச்சதுல ஐஸ் கரைஞ்சு கொஞ்ச நாள் ஓடுச்சு, அப்புறம் மறுபடி அதே கதை. வெளி மெக்கானிக் ஃப்ரீசர் உள்பக்க பேனலைக் கழட்டினா குளிர வைக்கிற காயில் முழுக்க வெள்ளையா ஐஸ் அப்பிக்கிட்டு காத்து கீழ வர வழியே அடைஞ்சு கிடக்கு. அந்த ஐஸை அப்பப்போ கரைக்கிற டீஃப்ராஸ்ட் ஹீட்டர் போயிருக்கு, அவ்ளோதான், மாத்தினதும் சரியாயிடுச்சு. இதை கடையில சொன்னா வெளியாள் கை வச்சதால இனி வாரண்டியே கிடையாதாம்! அதுக்குள்ள கம்ப்ளெயின்ட் க்ளோஸ் ஆயிடுச்சுன்னு மெசேஜ் வேற, யாரைக் கேட்டு க்ளோஸ் பண்ணாங்க? அந்த கேஸ் காசை திருப்பித் தர்ற வரைக்கும் நான் விடப்போறதில்ல.