அடினியத்துக்கு எந்தத் தொட்டி? பல வருட மொட்டை மாடி அனுபவம்

கடையில் பார்க்கும்போது எல்லாத் தொட்டியும் நல்ல தொட்டிதான். வளர்ந்த செடியை அதிலிருந்து வெளியே எடுக்கும் அன்றைக்குத்தான் அதன் குணம் தெரியும். சென்னையில் மொட்டை மாடியில் பல வருடங்களாக அடினியம், அதாவது பாலைவன ரோஜா, வளர்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது தொட்டி மாற்ற வேண்டிய செடி என்பதால், மண், பிளாஸ்டிக், சிமென்ட், குரோ பேக் (செடி வளர்க்கும் பை) எல்லாவற்றோடும் மல்லுக்கட்டியாயிற்று.

அடினியம் அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சஹாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட நிலங்களும் அரேபியத் தீபகற்பமும்தான் சொந்த ஊர். நம் கத்திரி வெயில் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழைதான் எமன். பருத்த அடித்தண்டில், அதாவது நாம் கிழங்கு என்று சொல்லும் பகுதியில், தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும். வேரடியில் ஈரம் தேங்கினால் அந்தக் கிழங்கே அழுகிவிடும். அதனால் தொட்டியில் இரண்டு விஷயம்தான் பார்க்கிறேன்: தண்ணீர் சீக்கிரம் வடிகிறதா, கிழங்கை அடிபடாமல் எடுக்க முடிகிறதா.

என் ஓட்டு மண் தொட்டிக்கு. சுவர் வழியாகவும் ஈரம் காய்வதால் மழைக்காலத்தில் செடி பிழைத்துக்கொள்கிறது. ஆனால் வடிவம் பார்த்து வாங்க வேண்டும். வயிறு பெருத்து வாய் குறுகிய தொட்டி அழகாக இருக்கும். கிழங்கு உள்ளேயே பருத்துவிட்டால் தொட்டியை உடைப்பதைத் தவிர வழியில்லை. வாய் அகன்று கீழே குறுகும் தொட்டி, அல்லது ஆழமில்லாத அகலத் தொட்டி போதும். போர் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு வெளிச்சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும். தேங்காய் நாரால் தேய்த்தால் போகும், மறுபடி வரும். செடிக்கு அதனால் எதுவும் ஆகவில்லை.

பிளாஸ்டிக் தொட்டியில் எடுப்பது சுலபம். பக்கங்களை அமுக்கி, கவிழ்த்துத் தட்டினால் வேரோடு கையில் வந்துவிடும். மெலிந்த ரகம் மட்டும் வேண்டாம். வெயிலில் காய்ந்து மொரமொரப்பாகி, தூக்கும்போது விளிம்பு தனியே வந்துவிடுகிறது. சின்னக் கன்றுகளுக்குப் பிளாஸ்டிக் தொட்டியே போதும். குரோ பேக் தண்ணீரை நன்றாக வடிக்கிறது, ஆனால் நகர்த்தும் ஒவ்வொரு முறையும் மண் குலுங்கி வேர் அசைகிறது. சிமென்ட் தொட்டி காற்றுக்குச் சாயாது, வெயிலுக்கும் அசராது. அதை மாடியில் ஓரடி நகர்த்தவே இரண்டு பேர் வேண்டும். பலவற்றில் அடியில் ஒரே ஒரு ஓட்டை, அதுவும் தரையோடு ஒட்டி அடைபட்டுக் கிடக்கும். செங்கல் துண்டுகள் மேல் தூக்கி வைத்தால்தான் வடியும்.

தொட்டி மாற்ற நான் எடுத்துக்கொள்வது மாசி மாதம். பனி விலகி, வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிட்டால் மண் உதிர்ந்து வரும். நர்சரியில் வாங்கிய செடியென்றால் வேருக்கு நடுவே கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) உருண்டையாக இறுகியிருக்கும். மேலே மண் காய்ந்த பிறகும் அந்த உருண்டை ஈரமாகவே இருக்கும். அழுகல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. விரலாலோ மூங்கில் குச்சியாலோ முழுவதும் கிளறி எடுத்துவிடுங்கள்.

அப்புறம் வேரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல வேர் முள்ளங்கி போலக் கெட்டியாக, வெட்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கும். கெட்டது பழுப்பாகி, நாற்றத்தோடு நசுங்கும். வெள்ளை தெரியும்வரை வெட்டத் தயங்க வேண்டாம். வெட்டும்போது வடியும் பால் விஷம். ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவ இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கையுறை கட்டாயம், கண்ணைக் கசக்கக் கூடாது.

வெட்டிய செடியை நிழலில் சில நாள் காயவிட்டுத்தான் நடுகிறேன். மண் கலவையில் பாதிக்கு மேல் பருமணல், மீதி செங்கல் துண்டு, கொஞ்சம் செம்மண், ஒரு கைப்பிடி மண்புழு உரம். எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) என்றால் சலித்துத் தூளை நீக்க வேண்டும். இல்லையென்றால் நாளடைவில் இறுகிவிடும். ஒவ்வொரு முறையும் கிழங்கை ஓர் அங்குலம் மேலே தூக்கி நட்டால் செடிக்கு அந்தக் குட்டி மரத் தோற்றம் வரும். மண்ணுக்குள் இருந்த தோல் வெயிலில் கருகும், அதனால் முதலில் சில நாள் நிழலில்தான். நட்டவுடன் தண்ணீர் ஊற்றுவதில்லை. இலை மஞ்சளாகிக் கொட்டும், கொட்டட்டும். கிழங்கு கெட்டியாக இருக்கிறதா என்பதுதான் கணக்கு. புதுத் துளிரின் நுனியில்தான் பூ வரும் என்பதால் கிளைகளையும் அதே நாளில் கவாத்து செய்துவிடுகிறேன்.

அடுத்த தொட்டி எவ்வளவு பெரிது என்று கேட்பார்கள். கிழங்கைச் சுற்றி இரண்டு விரல் இடம் இருந்தால் தாராளம். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் காயாமலே கிடக்கும். என்னிடம் இருக்கும் சிமென்ட் தொட்டிகள் இந்த மாசியில் காலியாகின்றன. செம்பருத்திக்கு ஆகும்.